சர்வருக்கு என்ன போய்ச் சேர்ந்தது? கோரிக்கை முறைகளை வைத்துத் தேடும் வழி

"நான் சரியாகத்தான் அனுப்பினேன்" என்கிறார் கிளையன்ட் பக்கம் எழுதியவர். "எனக்கு அப்படி வரவே இல்லை" என்கிறார் சர்வர் பக்கம் எழுதியவர். பெரும்பாலும் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ரீவர்ஸ் ப்ராக்ஸி (சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்புவது), லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), கேஷ் (பழைய பதில்களைச் சேமித்து வைப்பது), ஃபயர்வால் என்று பல கை மாறித்தான் ஒரு கோரிக்கை சர்வரைச் சேர்கிறது. ஒவ்வொரு கையும் அதில் எதையாவது சேர்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். அதனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் கேட்கப் பழக வேண்டிய கேள்வி இதுதான்: நாம் அனுப்பியது இருக்கட்டும், அங்கே போய்ச் சேர்ந்தது என்ன?

அதைக் கண்டுபிடிக்க, கிளையன்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஹெச்டிடிபியிலேயே வழிகள் இருக்கின்றன. சர்வரிடம் என்ன செய்யச் சொல்கிறோம் என்பதைக் காட்டும் சொல்தான் கோரிக்கை முறை. 1991-இல் இருந்த முதல் வடிவத்தில் கெட் என்ற ஒரே முறைதான். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945 (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணங்கள்) ஹெட், போஸ்ட் இரண்டையும் விவரித்தது. 1997 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 2068, ஆப்ஷன்ஸ், டிரேஸ் என்ற இரண்டையும் கொண்டுவந்தது. இன்று நடைமுறையில் உள்ள விதிகள் 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110-இல் இருக்கின்றன. அதன்படி கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், டிரேஸ் நான்கும் பாதுகாப்பான முறைகள். அதாவது, சர்வரில் எதையும் மாற்றச் சொல்லிக் கேட்காதவை. பிழை தேடும்போது இந்த நான்கிலேயே முடிந்தவரை நில்லுங்கள். ஒரு டெலீட் கோரிக்கையைச் "சும்மா அனுப்பிப் பார்ப்போம்" என்று நினைக்கக் கூடாது.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் ஹெடர் (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் விவர வரி) பெயர்களையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதலில் போவதையும் வருவதையும் பாருங்கள்

எந்த முறையைப் பயன்படுத்துவதற்கும் முன்னால், டெர்மினலிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவியான கர்ல் கட்டளையை -வி என்ற விருப்பத்தோடு ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். திரையில் மூன்று வகை வரிகள் வரும். வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறியோடு தொடங்குபவை நீங்கள் அனுப்பியவை. இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறியோடு தொடங்குபவை உங்களுக்கு வந்தவை. நட்சத்திரக் குறியோடு வருபவை கர்ல் தானாகச் சொல்லும் செய்திகள்: எந்த ஐபி முகவரியோடு இணைந்தது, டிஎல்எஸ் சான்றிதழ் யாருடையது என்பன போன்றவை. புதியவர்கள் நட்சத்திர வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "பழைய சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்" என்ற உண்மை பல நேரம் அந்த வரிகளில்தான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய உள்ளடக்கத்தை -வி காட்டாது. ஹெடர்களை மட்டும்தான் காட்டும். உள்ளடக்கமும் தெரிய வேண்டுமானால் --டிரேஸ்-ஆஸ்கி என்ற விருப்பத்தைக் கொடுத்து, கூடவே ஒரு கோப்பின் பெயரையும் கொடுங்கள். (பெயர் டிரேஸ் என்றாலும், பின்னால் வரப்போகும் டிரேஸ் முறைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.) இதைச் செய்தால் இரண்டு பொதுவான சிக்கல்கள் உடனே வெளிச்சத்துக்கு வரும். ஒன்று, -டி விருப்பத்தால் தரவு அனுப்பும்போது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கர்ல் அதை இணையப் படிவத் தரவு என்றே குறித்து அனுப்பும். நீங்கள் அனுப்புவது ஜேசான், ஆனால் கன்டென்ட்-டைப் ஹெடர் வேறொன்றைச் சொல்கிறது; சர்வர் "உள்ளடக்கம் காலி" என்று பதில் சொல்லும். 7.82.0 பதிப்பு முதல் கர்லில் --ஜேசான் என்றே ஒரு விருப்பம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, அதே -டி விருப்பத்தில் கோப்பைக் கொடுத்தால், அதில் உள்ள வரி முறிவுகளைக் கர்ல் நீக்கிவிடும். கோப்பு அப்படியே போக வேண்டுமானால் --டேட்டா-பைனரி.

பிழை பிரவுசரில்தான் வருகிறது என்றால், டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியைத் திறந்து, தோல்வியடைந்த கோரிக்கையின் மேல் வலது சொடுக்கு செய்து, அதைக் கர்ல் கட்டளையாக நகல் எடுங்கள். டெர்மினலில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே பிழை வந்தால் பிரவுசர்மேல் குற்றமில்லை. பிறகு ஹெடர்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். எந்த ஹெடரை எடுத்ததும் பதில் மாறுகிறதோ, அந்த ஹெடரிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அப்படி நகல் எடுத்த கட்டளையில் உங்கள் குக்கியும் அணுகல் டோக்கனும் முழுதாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள். அவற்றை அழிக்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது.

ஹெட்: உள்ளடக்கம் வேண்டாம், விவரம் போதும்

கெட் அனுப்பினால் என்னென்ன ஹெடர்கள் வருமோ அவற்றை மட்டும், உள்ளடக்கம் இல்லாமல் கேட்பதுதான் ஹெட். கோப்பு இருக்கிறதா, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது, கேஷிலிருந்து வருகிறதா, வேறு முகவரிக்குத் திருப்பி விடுகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் இது போதும். கர்லில் பெரிய எழுத்து ஐ விருப்பம் இதைச் செய்யும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பெரிய எழுத்து எக்ஸ் விருப்பத்தைக் கொடுத்து அதன்பின் ஹெட் என்று எழுதினால், கர்ல் அந்தச் சொல்லை மட்டும் மாற்றி அனுப்பும். உள்ளடக்கம் வரும் என்று தொடர்ந்து காத்துக்கொண்டும் இருக்கும். கட்டளை முடியாமல் நிற்கும். சர்வர் தொங்கிவிட்டது என்று நினைத்து வேறெங்கோ தேடப் போவீர்கள். ஹெட் வேண்டுமானால் பெரிய எழுத்து ஐ மட்டுமே.

ஹெட் சொல்வதை முழுதாக நம்பவும் கூடாது. உள்ளடக்கத்தை உருவாக்கும்போதுதான் தெரியவரும் ஹெடர்களை ஹெட் பதிலில் விட்டுவிட விதியே இடம் தருகிறது. சில பயன்பாடுகள் கெட்டுக்கு மட்டும் வழி எழுதி வைத்திருக்கும். ஹெட்டுக்கு 405 கொடுக்கும். சந்தேகம் வந்தால் கெட்டையே அனுப்பி, உள்ளடக்கத்தைத் தள்ளிவிட்டு ஹெடர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: -ஓ விருப்பத்துக்கு நல் சாதனத்தையும் (எழுதியதையெல்லாம் தள்ளிவிடும் போலிக் கோப்பு), பெரிய எழுத்து டி விருப்பத்துக்கு இடைக்கோட்டுக் குறி (-) ஒன்றையும் கொடுத்தால் அது நடக்கும்.

இந்த இடத்தில் நிலை எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 405 என்றால் அந்த முறை சர்வருக்குத் தெரியும், ஆனால் இந்த முகவரியில் அதற்கு இடமில்லை. அப்படிச் சொல்லும் சர்வர் எந்த முறைகளுக்கு இடம் உண்டு என்று அலவ் ஹெடரில் பட்டியல் தர வேண்டும் என்பது விதி. 501 என்றால் அந்த முறையே சர்வருக்குத் தெரியாது. 502, 504 இரண்டும் நடுவில் நிற்கும் கேட்வே பேசுவது. முதலாவதில் பின்னால் உள்ள சர்வர் தந்த பதில் செல்லுபடியாகாதது, இரண்டாவதில் பதில் நேரத்துக்கு வரவில்லை. பதிலைப் படிப்பதற்கு முன்னால், பதில் சொன்னது யார் என்று பாருங்கள். சர்வர், வயா என்ற ஹெடர்கள் அதற்கு உதவும்.

போஸ்ட் அனுப்பினேன், கெட் ஆகிவிட்டது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் நேரத்தை இது அநியாயமாகத் தின்கிறது. போஸ்ட் கோரிக்கையை ஹெச்டிடிபி முகவரிக்கு அனுப்புகிறீர்கள். சர்வர் 301 சொல்லி ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பி விடுகிறது. 301, 302 இரண்டுக்கும் போஸ்டைக் கெட்டாக மாற்றிக்கொள்ளக் கிளையன்டுக்கு அனுமதி உண்டு, பிரவுசர்கள் அப்படியே செய்கின்றன. இறுதியில் சர்வரின் லாகில் உள்ளடக்கம் இல்லாத ஒரு கெட் மட்டும் பதிவாகியிருக்கும். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனாலும் இதே கதை நடக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. திருப்பங்களைத் தொடராமல், அதாவது பெரிய எழுத்து எல் விருப்பம் இல்லாமல், -வி மட்டும் கொடுத்து அனுப்புங்கள். முதல் பதிலிலேயே 301-உம் லொகேஷன் ஹெடரும் தெரியும். சரிசெய்ய வேண்டியது கிளையன்டில் உள்ள முகவரியை. திருப்பம் தவிர்க்க முடியாதது என்றால் சர்வர் 307 அல்லது 308 கொடுக்க வேண்டும். அவை இரண்டும் முறையை மாற்ற விடுவதில்லை.

பெரிய எழுத்து எக்ஸ் இங்கேயும் குழப்பும். அதில் போஸ்ட் என்று கொடுத்து, கூடவே திருப்பங்களையும் தொடரச் சொன்னால், கர்ல் ஒவ்வொரு திருப்பத்திலும் போஸ்டையே அனுப்பும். டெர்மினலில் நடப்பது பிரவுசரில் நடப்பதிலிருந்து வேறுபடும், உங்கள் சோதனை உங்களையே ஏமாற்றும். -டி கொடுத்தாலே கர்ல் தானாகப் போஸ்டைத் தேர்ந்துகொள்ளும் என்பதால் அங்கே எக்ஸ் தேவையே இல்லை.

ஆப்ஷன்ஸ்: பிரவுசர் முன்கூட்டி கேட்கும் கேள்வி

ஆப்ஷன்ஸின் வேலை, ஒரு முகவரியில் என்னென்ன செய்ய இடமுண்டு என்று கேட்பது. பதிலில் வரும் அலவ் ஹெடரைப் பாருங்கள். ஆனால் அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டகம் (ஃப்ரேம்வொர்க்) தானாகத் தரும் பட்டியலுக்கும் பயன்பாடு உண்மையில் ஏற்றுக்கொள்வதற்கும் வேறுபாடு இருக்கலாம்.

இன்று ஆப்ஷன்ஸ் அதிகம் கண்ணில் படுவது கோர்ஸ் முன்சோதனையில்தான். கோர்ஸ் என்பது ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தை அழைக்க அனுமதி தரும் விதிமுறை. ஒரு தளத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வேறொரு தளத்தின் ஏபிஐயை (நிரல்கள் பேசுவதற்கான வாசல்) அழைக்கும்போது, பிரவுசர் சில கோரிக்கைகளுக்கு முன்னால் தானாகவே ஓர் ஆப்ஷன்ஸ் அனுப்பி அனுமதி கேட்கும். கெட், ஹெட், போஸ்ட் தவிர்த்த முறைகளுக்குக் கேட்கும். ஆதரைசேஷன் போன்ற ஹெடர் இருந்தால் கேட்கும். ஜேசான் உள்ளடக்கம் அனுப்பினாலும் கேட்கும். படிவத் தரவின் இரண்டு வகைகளும் வெறும் உரையும் மட்டுமே அதிலிருந்து விலக்கு. கர்லோ, ஏபிஐகளைச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனோ இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "போஸ்ட்மேனில் வேலை செய்கிறது, பிரவுசரில் செய்யவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்த முன்சோதனையை நீங்களே கையால் அனுப்பிப் பார்க்கலாம். முறை ஆப்ஷன்ஸ். மூன்று ஹெடர்கள்: ஆரிஜின் ஹெடரில் உங்கள் பக்கம் ஓடும் தளத்தின் முகவரி, ஆக்சஸ்-கன்ட்ரோல்-ரிக்வெஸ்ட்-மெத்தட் ஹெடரில் அடுத்து அனுப்பப்போகும் முறை, ஆக்சஸ்-கன்ட்ரோல்-ரிக்வெஸ்ட்-ஹெடர்ஸ் ஹெடரில் அனுப்பப்போகும் சிறப்பு ஹெடர்களின் பெயர்கள். பதிலில் இவற்றைத் தேடுங்கள். நிலை எண் 200-க்கும் 299-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடரில் நட்சத்திரக் குறி (எந்தத் தளமும் வரலாம்) அல்லது உங்கள் தளத்தின் முகவரி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். போர்ட் எண் மாறினாலும், கடைசியில் சாய்கோடு கூடினாலும் பிரவுசர் ஏற்காது. குக்கியோடு அனுப்பப்போகும் கோரிக்கை என்றால் அங்கே நட்சத்திரக் குறி போதாது, முகவரியையே எழுத வேண்டும்.

அடிக்கடி வரும் தவறு: ஆப்ஷன்ஸுக்குச் சர்வர் 401 கொடுக்கிறது. முன்சோதனையில் பிரவுசர் குக்கியையோ டோக்கனையோ அனுப்பாது. சர்வரில் உள்நுழைவைச் சரிபார்க்கும் பகுதி கோர்ஸைக் கவனிக்கும் பகுதிக்கு முன்னால் ஓடினால், முன்சோதனை வாசலிலேயே தடுக்கப்படும். வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. முன்சோதனை சரியாகவே முடிகிறது, ஆனால் உண்மையான கோரிக்கைக்குச் சர்வர் 500 கொடுக்கிறது. அந்தப் பிழைப் பக்கத்தில் கோர்ஸ் ஹெடர்கள் இல்லை. பிரவுசர் கன்சோல் கோர்ஸ் பிழை என்று சிவப்பில் எழுதும். நீங்கள் மணிக்கணக்கில் கோர்ஸ் அமைப்பைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள், உண்மையான குற்றவாளி சர்வரின் நிரலில் இருக்கும். ஆகவே கோர்ஸ் பிழை கண்ணில் பட்டதும், அதே உண்மையான கோரிக்கையைக் கர்லில் அனுப்பி நிலை எண்ணைப் பாருங்கள்.

திருத்தியும் மாற்றம் தெரியவில்லை என்றால், முன்சோதனையின் பழைய பதில் பிரவுசரிடம் இருக்கலாம். ஆக்சஸ்-கன்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ் ஹெடர் சொல்லும் நொடிகள் வரை அது நினைவில் இருக்கும். நெட்வொர்க் பகுதியில் கேஷை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

டிரேஸ்: இந்த வேலைக்கென்றே பிறந்த முறை

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது டிரேஸ். கோரிக்கையைப் பெறும் கடைசி சர்வர், தனக்கு வந்ததை அப்படியே பதிலின் உள்ளடக்கமாகத் திருப்பி அனுப்பும். நடுவில் யார் எதை மாற்றினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு ப்ராக்ஸியைத் தாண்டிப் போகும் கோரிக்கையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியது:

டிரேஸ் /பில் ஹெச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: ஏபிஐ.எக்ஸாம்பிள்
மேக்ஸ்-ஃபார்வர்ட்ஸ்: 5
எக்ஸ்-சோதனை: ஒன்று

வந்த பதில்:

ஹெச்டிடிபி/1.1 200 ஓகே
கன்டென்ட்-டைப்: மெசேஜ்/ஹெச்டிடிபி

டிரேஸ் /பில் ஹெச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: ஏபிஐ.எக்ஸாம்பிள்
மேக்ஸ்-ஃபார்வர்ட்ஸ்: 4
எக்ஸ்-சோதனை: ஒன்று
வயா: 1.1 முன்வாசல்

ஐந்து நான்காகியிருக்கிறது, வயா ஹெடரில் ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. நடுவில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு இரண்டும் சாட்சி. மேக்ஸ்-ஃபார்வர்ட்ஸை 0 என்று வைத்தால், முதலில் பெறுபவரே நின்று பதில் சொல்ல வேண்டும். 1 என்றால் அடுத்தவர். இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு ஹெடர் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று குறிபார்த்துச் சொல்லிவிடலாம். விதி இப்படி, நடைமுறையில் எல்லா ப்ராக்ஸியும் இந்த எண்ணைக் குறைப்பதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

டிரேஸோடு உள்ளடக்கம் அனுப்பக் கூடாது. குக்கி, கடவுச்சொல் போன்ற ரகசியங்களையும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அவை எல்லாம் அப்படியே பதிலில் திரும்பி வரும்.

இந்தக் கடைசிக் காரணத்தால்தான் இன்று பெரும்பாலான பொதுத் தளங்களில் டிரேஸ் மூடியிருக்கிறது. 2002-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஹெச்டிடிபி-ஒன்லி குக்கி அறிமுகமானது. ஜாவாஸ்கிரிப்டால் படிக்க முடியாத குக்கி அது. 2003 ஜனவரியில் ஜெரமையா கிராஸ்மேன் அதைச் சுற்றிப் போகும் ஒரு வழியை வெளியிட்டார். பக்கத்தில் நுழைந்த தீய ஸ்கிரிப்ட் ஒரு டிரேஸ் அனுப்பினால், பிரவுசர் குக்கியையும் சேர்த்தே அனுப்பும். சர்வர் அதைப் பதிலின் உள்ளடக்கமாகத் திருப்பித் தரும். உள்ளடக்கத்தை ஸ்கிரிப்ட் படிக்கலாம். கிராஸ்-சைட் டிரேசிங் என்று இதற்குப் பெயர். இன்றைய பிரவுசர்களில் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் டிரேஸ், டிராக், கனெக்ட் மூன்றையும் அனுப்ப முடியாது. வெப் சர்வர் மென்பொருள்களில் என்ஜின்எக்ஸ் டிரேஸுக்கு 405 கொடுக்கிறது. அப்பாச்சியில் மட்டும் டிரேஸ்-எனேபிள் அமைப்பு தொடக்கத்திலேயே திறந்திருக்கும். நிர்வாகிதான் மூட வேண்டும்.

ஆகவே டிரேஸை உங்கள் சொந்தச் சோதனைச் சூழலில் திறந்து பழகுங்கள். பிறருடைய சர்வருக்கு அனுமதியின்றி அனுப்பிப் பார்க்க வேண்டாம். அவர்களின் பாதுகாப்புக் கருவிகளுக்கு அது தாக்குதலுக்கு முந்தைய வேவு போலத்தான் தெரியும்.

டிரேஸ் இல்லாத இடத்தில்

மேலே சொன்னது கிடைக்காதபோது அதே விடையை வேறு வழியில் எடுக்க வேண்டும். மூன்று வழிகள் எனக்கு நம்பகமாகத் தெரிகின்றன.

மிக எளிய வழி, சர்வர் இருக்க வேண்டிய இடத்தில் நெட்கேட்டை (வரும் தரவை அப்படியே திரையில் காட்டும் சிறு கருவி) உட்கார வைப்பது. நெட்கேட்டுக்கு -எல் விருப்பமும் ஒரு போர்ட் எண்ணும் கொடுத்தால் அது அங்கே காத்திருக்கும் (சில வகைகளில் போர்ட் எண்ணுக்கு முன்னால் -பி என்றும் கொடுக்க வேண்டும்). ப்ராக்ஸியை அந்தப் போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேரும் கோரிக்கை, ஒரு பைட்டுகூட மறையாமல் திரையில் விழும். பதில் எதுவும் போகாது என்பதால் கிளையன்ட் பக்கம் காத்திருந்து தோற்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இதில் தெரியவரும் சில உண்மைகள் ஆச்சரியமானவை. பெயரில் அடிக்கோடு உள்ள ஹெடர்களை என்ஜின்எக்ஸ் தொடக்க அமைப்பில் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். ஏபிஐ சாவியை அப்படிப் பெயரிட்ட ஹெடரில் அனுப்புபவர்களுக்கு "சாவி இல்லை" என்ற பிழை வருவது இதனால்தான். ஹோஸ்ட் ஹெடரையும் அது சொல்லாமலேயே பின்சர்வரின் பெயராக மாற்றி அனுப்பும். ஹெச்டிடிபி 2-இல் ஹெடர் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில்தான் போகும். பெரிய எழுத்தை எதிர்பார்த்து ஒப்பிடும் நிரல் அங்கே உடையும்.

இரண்டாவது வழி, சோதனைச் சூழலில் ஓர் எதிரொலி முகவரி. வந்த முறை, பாதை, ஹெடர்கள், உள்ளடக்கம் நான்கையும் திருப்பித் தரும் பத்து வரி நிரல் போதும். டிரேஸ் செய்யாத ஒன்றையும் இது செய்யும்: போஸ்டையும் புட்டையும் உள்ளடக்கத்தோடு சோதிக்கலாம். பைத்தானின் உள்ளமைந்த ஹெச்டிடிபி சர்வரை அப்படியே இதற்குப் பயன்படுத்த முடியாது. கெட், ஹெட் தவிர எதற்கும் அது 501 கொடுக்கும்.

மூன்றாவது வழி, நடுவில் இருப்பவரைத் தாண்டிப் போவது. கர்லின் --ரிசால்வ் விருப்பத்தில் தளத்தின் பெயர், போர்ட், ஐபி முகவரி மூன்றையும் கொடுத்தால், ஹோஸ்ட் பெயரும் சான்றிதழும் மாறாமல் நேரே ஒரு குறிப்பிட்ட சர்வரைப் போய்ச் சேரலாம். ஒரே கோரிக்கையை லோட் பேலன்சர் வழியாக ஒரு முறையும், பின்னால் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் நேரடியாக ஒரு முறையும் அனுப்புங்கள். நேரே போனால் சரி, சுற்றிப் போனால் பிழை என்றால் விசாரணை லோட் பேலன்சரிடம். "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை" என்ற புகாரில், பல சர்வர்களில் ஒன்று மட்டும் பழைய பதிப்பில் இருப்பதை இப்படித்தான் பிடிக்க முடியும்.

நேரடிச் சேவையில் ஓடும் அமைப்பில் இவை எதையும் செய்ய முடியாவிட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, எல்லா லாகிலும் அதைத் தேடுவதே வழி. அந்த எண்ணை எப்படி எழுதுவது என்பதற்கு டிரேஸ்பேரன்ட் என்ற ஹெடரை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2020-இல் தரப்படுத்தியிருக்கிறது.

வேலை முடிந்ததும்

எதிரொலி முகவரியை நீக்குங்கள். அப்பாச்சியில் டிரேஸைத் திறந்திருந்தால் மூடிவிட்டு, ஒரு டிரேஸ் அனுப்பி 405 வருவதை உறுதி செய்துகொள்ளுங்கள். டிரேஸ்-ஆஸ்கி எழுதிய கோப்புகளை அழியுங்கள். சோதனையின்போது உண்மையான டோக்கன் ஏதாவது லாகிலோ உரையாடலிலோ போயிருந்தால், அதை அழிப்பதோடு நிறுத்தாமல், செல்லாததாக்கிப் புதிய டோக்கன் வாங்குங்கள்.